நாவலங்குளத்து அடிமண்ணைப் புதன்கிழமை லாரியில் ஏற்றாமல் நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
வே. ராமுத்தாய் (வயது 47),
க/பெ. வேலுச்சாமி,
செயலாளர், நாவலங்குளம் விவசாயிகள் குழு,
காமயகவுண்டன்பட்டி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தேனி.

பொருள்: நாவலங்குளத்து மடைப்பக்க அடிமண் 21.05.2025 அன்று 34 திராட்சைத் தோட்டங்களுக்கு வழங்கப்பட இருப்பது – அம்மண் கொடிகளைக் கொல்லும் தன்மையுடையது – உடனே நிறுத்தி மறு ஆய்வு செய்ய வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. மண் ஆய்வு அறிக்கை, நாள் 18.02.2025.
2. எனது முந்தைய மனுக்கள், நாள் 15.04.2025, 28.04.2025, 09.05.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாளை மறுநாள் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் குளத்தில் மண் அள்ளும் இயந்திரம் இறங்குகிறது. ஜூன் முதல் வாரம் அணைத் தண்ணீர் வருவதற்குள் அள்ளி முடிக்க வேண்டும் என்பதால் பதினோரு லாரிகள் பேசியிருக்கிறார்கள். மூன்றே நாளில் முப்பத்து நான்கு தோட்டங்களில் அந்த மண் விழுந்துவிடும். விழுந்த மண்ணைத் திரும்ப அள்ள முடியாது. மனு நீளமாக இருப்பதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தயவுசெய்து இதைக் கீழே அனுப்பிவிடாதீர்கள். கீழே போன மூன்று மனுக்களும் கீழேயே இருக்கின்றன.

1. எனக்கும் என் கணவருக்கும் இருப்பது முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல். பதினான்கு வருடக் கொடிகள். வேறு நிலம் கிடையாது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீரும் தங்காது, போட்ட உரமும் தங்காது. குளத்து வண்டலைப் பரப்பினால் மண்ணுக்குப் பிடிமானம் வரும் என்று ஊரே ஆசைப்பட்டது. அரசு அனுமதியும் கிடைத்தது. குழுவின் செயலாளர் என்பதால் முதல் மண் என் தோட்டத்துக்குத்தான் வந்தது. 24.02.2025 அன்று பதினெட்டு டிராக்டர் லோடு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நான்தான் முந்திக்கொண்டேன்.

2. முதல் தண்ணீருக்கு அந்தக் கறுப்பு மண் புட்டு மாவு போலப் பொலபொலவென்று இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பொறாமைப்பட்டார்கள். இரண்டாம் தண்ணீருக்கு மேலே ஆடை கட்டியது. மூன்றாம் தண்ணீர் பாய்ச்சியது மார்ச் 20. அந்தத் தண்ணீர் நான்கு நாள் அப்படியே நின்றது. பிறகு காய்ந்தது. காய்ந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டால் மண் பெயரவில்லை, என் கணவரின் கைதான் அதிர்ந்தது. கொடியைக் கவாத்து வெட்டிய பிறகு வந்த தளிர்கள் ஓரம் கருகின. தோண்டிப் பார்த்தால் வேர் கறுத்து நாறியது. ஏறத்தாழ ஐந்நூறு கொடிகளில் இன்றைய கணக்குக்கு முந்நூற்றுப் பத்து செத்துவிட்டன. மீதியும் பிழைக்கும் என்று நான் நம்பவில்லை. பந்தல் மட்டும் நிற்கிறது. அதற்குக் கீழே போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

3. செத்த தோட்டத்து மண்ணை ஒரு பையில் கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அலுவலகக் கடிதம் இல்லாமல் வாங்க முடியாது என்றார்கள். அங்கே மண் சலிக்கும் வேலை செய்யும் ஜெபஷீலா என்பவர் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, “அக்கா, கடுதாசியெல்லாம் வேண்டாம். வீட்டுல கண்ணாடி பாட்டில் இருக்குல்ல? கேன் தண்ணியில இந்த மண்ணைப் போட்டுக் குலுக்கி வையுங்க. தெளியுதான்னு மட்டும் பாருங்க” என்றார். அவர் செய்தது உதவி மட்டுமே. அதற்காக அவரை யாரும் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

4. அவர் சொல்லி நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், பிழையிருந்தால் என் பிழை. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். கூழ்மத் துகள் என்று படித்தவர்கள் சொல்வது இவற்றைத்தான். அந்தத் தகடுகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் கால்சியம், சோடியம் போன்றவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தைப் பிடித்திருந்தால் தகடுகள் ஒன்றோடு ஒன்று கூடிக் குருணையாகும், நடுவில் காற்றும் தண்ணீரும் போகும். சோடியத்தைப் பிடித்திருந்தால் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து, மண்ணில் உள்ள துளைகளை எல்லாம் அடைத்துவிடும். செம்மண்ணில் உள்ள களி அதிகம் விரியாது. கறுப்பு மண்ணில் உள்ள களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். எனவே கறுப்புக் களியில் சோடியம் ஏறினால் கேடு பல மடங்கு.

5. சோடியம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளத்தின் மடைப்பக்கம் மாங்காயை உப்பில் ஊறப்போடும் கூடம் ஒன்று பல வருடம் நடந்தது. உப்புத் தண்ணீரெல்லாம் அந்த ஆழத்தில்தான் இறங்கியது. கூடத்தை மூடி ஆறு வருடம் ஆவதால் எல்லோரும் மறந்துவிட்டோம். மண்ணில் உப்பு நிறைய இருக்கும்வரை தகடுகள் பிரியாமல் கூடியே இருக்குமாம். முதல் தண்ணீருக்கு என் தோட்டம் பொலபொலவென்று இருந்தது அதனால்தான். நல்ல தண்ணீர் பாயப் பாய உப்பு கழுவிப் போயிற்று, சோடியம் மட்டும் தகட்டை விடவில்லை.

6. இதையெல்லாம் வட்டார அலுவலர் ஒருவரிடம் மூன்று முறை சொன்னேன். அவர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. மே 9 அன்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏம்மா, நல்ல மண்ணுன்னு ரிப்போர்ட் இருக்கு. அதை வச்சுத்தான் பெர்மிட்டே குடுத்துருக்கு. மாதிரி மண்ணு எடுத்துக் குடுத்தவுக, நாங்க எடுத்தது தப்புன்னு எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கலாம். படிவத்துல குழு சீல் மட்டும் இருக்கு, பேர் இல்ல. யார் எடுத்தாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7. புதன்கிழமைப் பட்டியலில் வரிசை எண் 1 சுருளியாண்டி. என் கணவரின் உடன்பிறந்த தம்பி. அவருக்கு ஒன்றரை ஏக்கர் பந்தல். மண்ணை எதிர்பார்த்துக் கவாத்து முடித்து, கொடிக்குக் கொடி பள்ளம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். வேண்டாம் என்று அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். “மதினி, ஒங்க தோட்டத்துக்கு வந்தப்ப நல்ல மண்ணு, எங்களுக்கு வாரப்ப கெட்ட மண்ணாயிருச்சாக்கும்? நல்லாருக்குன்னு ஆபீசுலயே சொல்லிட்டாக. நீங்க தண்ணி பாய்ச்சத் தெரியாம கொடியைக் கொன்னுட்டு, எங்களையும் கெடுக்கப் பாக்குறீகளா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவரைக் குறை சொல்ல வழியில்லை. அறிக்கையில் நல்ல மண் என்றுதான் இருக்கிறது. அந்த அறிக்கை ஏன் அப்படி வந்தது என்று நான் அவரிடமும் சொல்லவில்லை.

8. ஐயா, அலுவலரிடம் நான் சொன்னது பொய். 06.02.2025 அன்று மாதிரி மண்ணை எடுத்தவள் நான். சீல் குத்தியவளும் நான்.

9. எப்படி எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். திருமணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்தொன்பது வருடம் திராட்சைப் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தவள் நான். வியாபாரி மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் மேல் வரிசைக்கு நல்ல கொத்தாகப் பொறுக்கி வைப்போம். இதை யாரும் ஏமாற்று என்று நினைப்பதில்லை, பெட்டிக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைப்போம். மண் பரிசோதனை என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பரீட்சை ஞாபகம்தான் வரும். மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது. ஆகவே சொந்த நிலத்துக்கு மண்வள அட்டை வாங்குவதற்கும் குப்பைக்குழி ஓரத்து மண்ணைத்தான் அள்ளிக் கொடுப்போம். அப்படிக் கொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை.

10. படிவத்தின் பின்பக்கம் ஆறு இடத்தில், முழங்கை ஆழத்தில் எடுத்துக் கலக்கச் சொல்லி அச்சடித்திருந்தது. படித்தேன். மடைப்பக்கம் இறங்கினால் சேறு, நாற்றம். குளத்தின் மானம் போய்விடும் என்று தோன்றியது. ஓடை வந்து சேரும் வாய்க்குப் போய், மலையிலிருந்து புதிதாக வந்து படிந்த செவ்வண்டலை எடுத்தேன். கட்டி உடைத்து, வேர் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். ஆய்வகம் அந்த மண்ணுக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது. அள்ளிப் போட்டதும் போடப்போவதும் வேறு மண். செவ்வண்டல் நாலு லோடுகூடத் தேறாது. லாரிக்குப் போவது முழுவதும் மடைப்பக்கத்துக் கறுப்பு மண்.

11. இரண்டு மாதமாக இதை மறைத்தேன். சொன்னால் செயலாளர் பதவி போகும், ஊரில் தலை காட்ட முடியாது என்று பயந்தேன். மூன்று மனுவிலும் அலுவலகத்தின் மேல் பழியைப் போட்டு எழுதினேன். அதற்காக வெட்கப்படுகிறேன். அலுவலர் கேட்ட கடிதம் இதுதான். நான் எடுத்தது தவறு என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

12. இத்துடன் மூன்று பாட்டில்கள் வைத்திருக்கிறேன். மே 10 அன்று குலுக்கி வைத்தவை. முதல் பாட்டில், ஓடைவாய்ச் செவ்வண்டல். அன்றைக்கே தெளிந்துவிட்டது. இரண்டாவது, என் தோட்டத்தில் மூன்று தண்ணீர் கண்ட குளத்துக் கறுப்பு மண். இன்று ஒன்பதாம் நாள், இன்னும் தெளியவில்லை. மூன்றாவதும் அதே கறுப்பு மண்தான், ஒரு சிட்டிகை ஜிப்சம் மட்டும் சேர்த்தது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தகடுகளை ஒன்று சேர்த்துவிடுமாம். சில மணி நேரத்தில் தெளிந்தது. தங்கள் மேசைக்கு வரும்போது பஸ் குலுக்கலில் மூன்றும் கலங்கியிருக்கும். அன்புகூர்ந்து மாலைவரை அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை:

அ) புதன்கிழமை லாரிகளை, மறு ஆய்வு முடியும்வரையாவது நிறுத்தி இன்றே உத்தரவிட வேண்டும்.

ஆ) புதிய மாதிரியை அதிகாரிகளே மடைப்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையும் அதில் படக் கூடாது, என் கை முக்கியமாகப் படக் கூடாது. அடிமண்ணை எடுத்த சூட்டில் தண்ணீரில் போட்டால், அதிலுள்ள உப்பினால் தெளிந்துவிடும். அதைப் பார்த்து நல்ல மண் என்று முடிவு செய்துவிடாமல், நல்ல தண்ணீரில் சில முறை கழுவிய பிறகு பார்க்கச் சொல்ல வேண்டும்.

இ) மீதிக் கொடிகளைக் காப்பாற்ற முடியுமா, எவ்வளவு ஜிப்சம் போட வேண்டும், கழுவி வரும் உப்புத் தண்ணீரை எப்படி வடிய விட வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரை அனுப்ப வேண்டும். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடட்டும்.

ஈ) தவறான மாதிரி கொடுத்ததற்கு என்மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையைத் தாராளமாக எடுக்கலாம். அதை மட்டும் புதன்கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். லாரிகள் வரும் நேரத்தில் நான் விசாரணையில் உட்கார்ந்திருக்க முடியாது. உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் காலை ஆறு மணிக்கு மடைப்பக்கம் நிற்பேன்.

இந்த மனுவை முதலில் எழுதிப் பார்த்த தாளையும், என் தோட்டத்து மண் ஒரு பொட்டலமும், கழுவிய காலி பாட்டில் ஒன்றும் சனிக்கிழமை மாலையே கொழுந்தனார் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

முப்பத்து நான்கு குடும்பங்களுக்காகத் தங்கள் ஒரு கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்)
வே. ராமுத்தாய்

இடம்: தேனி
நாள்: 19.05.2025

இணைப்பு: ஆய்வு அறிக்கை நகல், தோட்டத்துப் புகைப்படங்கள் ஆறு, பாட்டில்கள் மூன்று.

மேற்படி மனுவுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது:

நான் சுருளியாண்டி, பட்டியலில் வரிசை எண் 1. இன்று காலை பஸ் நிறுத்தத்தில் மனுதாரரைக் கண்டு, அவர் கையிலிருந்த மனுவை வாங்கி இதை எழுதுகிறேன். பொட்டலத்து மண்ணை நம்பாமல், நேற்று விடியக்காலம் அண்ணன் தோட்டத்தில் நானே இறங்கி மண் எடுத்து, என் வீட்டுப் பாட்டிலில் போட்டு வைத்தேன். இன்று காலைவரை தெளியவில்லை. என் தோட்டத்துக்கு அந்த மண் வேண்டாம், என் பெயரை நீக்கிவிடவும். மற்ற முப்பத்து மூன்று பேரும் இதைப் படிக்கவில்லை. ஆட்சியர் உத்தரவு வந்தால்தான் அவர்கள் அடங்குவார்கள்.

எங்களிடம் இத்தனை நாள் மறைத்ததற்காக மதினியோடு எனக்கு இனிமேல் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் அவர் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. புதன்கிழமை ஆறு மணிக்கு மடைப்பக்கம் நானும் நிற்பேன்.

(ஒப்பம்)
மூ. சுருளியாண்டி