எடை தூக்கும் வகுப்புக்குப் போகுமுன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறோம், உன் அப்பாவின் இருமலும் நலமாக இருக்கிறது, மருந்து கொடுத்து விரட்டிப் பார்த்தோம், அது போவதாக இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது, வந்து பார்க்கவா முடியும். உன் தம்பிக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாடிவீட்டுத் தண்ணீர் நம் சமையலறைச் சுவரில் இறங்குகிறது, போய்க் கேட்டால் "அது உங்க சுவர்லயே ஊறுற தண்ணி" என்கிறார் அந்த மனுஷன். இதெல்லாம் கிடக்கட்டும். உன் கிடங்கில் வேலை முடிந்ததும் எல்லோரையும் கூட்டி எடை தூக்கும் பயிற்சி வகுப்பு நடத்தப்போகிறார்கள், இலவசம், பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள், அது எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். அதே வகுப்பு இங்கே எங்கள் சலவைக்கூடத்தில் நடந்து முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், என் இடது தோளைப் பற்றியும் சொல்லாமல் வைத்திருந்தேன். கோபப்படாமல் படி.

ஈரத்துணியை உலர்த்தித் தேய்க்கும் உருளைக்குக் கொடுக்கும் வேலை எப்படியென்று உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி விரிப்பு ஈரத்தில் ஒரு பிள்ளை கனம் கனக்கும், இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கி உதறி ஒரே நேரத்தில் உருளையில் வைக்க வேண்டும். மழை தொடங்கியதிலிருந்து என் இடது கை காதுக்கு மேலே போக மறுத்தது. என் ஜோடி, அதுதான் குரலை வைத்துக் கீச்சு என்று கூப்பிடுவோமே, அவள் தன் பக்கம் உயரத் தூக்கி என் பக்கத்துக் கனத்தையும் வாங்கிக்கொண்டாள், மேற்பார்வையாளர் கண்ணுக்குப் படாமல் காலம் ஓடியது. பட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். மடிப்பு மேசையில் இருந்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது இலேசான வேலைக்கு மாற்றுகிறோம், கூப்பிடும்வரை வீட்டில் இருங்கள் என்றார்கள். அந்த இலேசான வேலை வீட்டில் இருப்பதுதான் என்று அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. இப்படியிருக்கும்போது மேலாளர் ஒருநாள் கீழே இறங்கி வந்து "உங்க ஆரோக்கியம்தான் எங்க சொத்து, வாரம் ரெண்டு நாள் வகுப்பு" என்றார். எத்தனையோ வருஷமாக உலர்த்தும் கூடத்துக்கு ஒரு மின்விசிறி கேட்கிறோம், அந்தச் சொத்துக்குக் காற்று வேண்டாமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்றாள் கீச்சு.

வகுப்பு எப்படி இருந்தது என்றால், தள்ளுவண்டிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுக் கூடத்தில் வட்டமாக ஆறு இடம் குறித்திருந்தார்கள். ஒன்றில் தூணில் கட்டிய ரப்பர் பட்டை, அதை இழுக்க வேண்டும். அடுத்ததில் இரண்டு இரும்புக் குண்டு, தலைக்கு மேலே தூக்க வேண்டும். இன்னொன்றில் மணல் மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர வேண்டும், இன்னொன்றில் எடையை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழ வேண்டும், பிறகு சுவரைத் தள்ளுவது, பலகையில் ஏறி இறங்குவது. இடத்துக்கு இரண்டு பேர், விசில் ஊதினால் செய்ய வேண்டும், மறுபடி ஊதினால் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும், இப்படியே சுற்றிச் சுற்றி வரவேண்டும். முதலில் உடம்பைச் சூடாக்கவும் கடைசியில் நீட்டி மடக்கவும் கொஞ்ச நேரம். தூக்கும்போது மூச்சை வெளியே விடு, அடக்காதே. மறுநாள் படி இறங்கும்போது தொடை அழும், அது தசைவலி, தானாகப் போய்விடும். மூட்டுக்குள்ளே ஊசியாகக் குத்தினால் அது வேறு, உடனே நிறுத்து. சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு உன் வயசுதான் இருக்கும், கொண்டையை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள், கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கியது. வாசலில் நாற்காலி போட்டு மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார், அவருக்கு என்ன வேலை அங்கே.

கழுத்தில் கடிகாரத்தோடு வந்த யாரும் எங்களுக்கு நல்லது செய்ததில்லை. முன்பு ஒருவன் வந்து பின்னாலேயே நின்று நேரம் பார்த்தான், சின்னப் பெண்கள் வேகத்தைக் காட்டினார்கள், அந்த வேகம் அடுத்த மாதமே எல்லோருக்கும் சட்டமாகிவிட்டது. அதனால் அந்தப் பெண் விசில் ஊதி "உங்களால முடிஞ்ச வரைக்கும் பண்ணுங்க" என்றதும் யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளாமலே எல்லோரும் ஒரே வேகத்தில் செய்தோம். உருளையில் ஒரு முனை முந்தினால் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருங்கிவிடும், அதனால் பக்கத்துக் கையின் வேகத்துக்கு நம் கை தானாகப் போகும், அந்தப் பழக்கம்தான். என்னையே ஒரு கையில் தூக்கக்கூடிய நெட்டை, அதுதான் மூட்டை ஏற்றுகிற பெண், அவளும் தூக்கத்தில் நடப்பவள் மாதிரி மெதுவாகத் தூக்கினாள். "என்னங்க இது, எல்லாரும் அளவெடுத்த மாதிரி பண்றீங்க" என்று சொல்லிக்கொடுப்பவள் கேட்க, "வயசாச்சும்மா, இவ்ளோதான் வரும்" என்றாள் கீச்சு, கல்யாணம்கூட ஆகாத நெட்டையும் "ஆமா, வயசாச்சு" என்றாள்.

ஆனால் மூன்றாவது வகுப்பில் அந்தப் பயிற்சிப் பெண் என் பக்கத்தில் குனிந்து மெதுவாக "எவ்ளோ நாளா இந்தத் தோளு இப்படி இருக்கு" என்று கேட்டுவிட்டாள். சரியாகப் படுக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா, தலைக்கு மேல தூக்காதீங்க, முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு ரப்பர மெதுவா இழுங்க" என்றாள். நாம் கேட்காமலே, யாரிடமும் சொல்லமாட்டேன் என்பவர்களிடம்தான் எனக்குப் பயம். இழுத்தேன், ஆனால் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒருநாள் அவளும் மேற்பார்வையாளரும் வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டு தேநீர் குடித்தார்கள், என் தோளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு அடுத்த வகுப்பில் அவர் எழுந்து வந்து எங்கள் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார், "புது உருளை வருது, ஆள பிரிக்கணும், யாருக்குத் தூக்க முடியல, நீங்களே சொல்லுங்க." ஓநாய் வாயைத் திறந்துவிட்டது. அவள் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள், என்மேல் கண் வந்தது, போனது. "எல்லாரும் ஒரே மாதிரிதான் பண்றாங்க சார், எனக்கு வித்தியாசம் தெரியல" என்றாள். "அத சொல்லவா உங்களக் கூப்பிட்டோம்" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, விசில் அவர் கைக்குப் போனது. ஒவ்வொருத்தராக வந்து இரண்டு குண்டையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டச் சொன்னார், முதலில் என்னைக் கூப்பிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன், காதுவரை வந்தது, அதற்கு மேலே வரவில்லை. "சரி, நீங்க அந்தச் சுவர் பக்கம் நில்லுங்க" என்றார். போய் நின்றேன், மடிப்பு மேசைக்காரி கண் முன்னே வந்தாள். அடுத்து கீச்சு போனாள், காதுவரை தூக்கினாள், "வரல சார்" என்று வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்து நெட்டை, அவள் முகத்தைக் கோணி ஒரு முக்கல் முக்கி "எனக்கே வரல சார், இரும்புல ஏதோ கோளாறு" என்றாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள், ஒவ்வொருத்திக்கும் காதோடு நின்றுவிட்டது. கடைசியில் நாங்கள் எல்லோரும் ஒரு சுவரில், எதிர்ச் சுவரில் ஒருவரும் இல்லை. அத்தனை பேரில் நிஜமாகவே முடியாதவள் நான் ஒருத்திதான், அது அவருக்குத் தெரியவில்லை. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் உருளையை அவரா ஓட்டுவார். குண்டுகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனார், ஊழியர்களுக்கு ஆர்வமில்லாததால் வகுப்பு நிறுத்தப்படுகிறது என்று மறுநாள் சுவரில் ஒட்டினார்கள்.

எரிச்சல் என்னவென்றால் அது உடம்புக்கு நல்லதுதான். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி அந்தப் பெண் சொன்னபடி இழுக்கிறேன், கை இப்போது காதைத் தாண்டுகிறது, உன் அப்பா யாரோடு கயிறு இழுக்கிறாய் என்கிறார். அவளை இன்றைக்கும் பாதிதான் நம்புகிறேன், மீதிப் பாதியை அவளுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். நீ பெயர் கொடு, போ, ஆனால் வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார். யாருமில்லை என்றால் உன் பலம் முழுவதையும் போட்டுச் செய், சந்தோஷமாகச் செய். யாராவது இருந்தால், உன்னோடு பெட்டி அடுக்குகிற அக்கா மணிக்கட்டில் துணி சுற்றிச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறாள் என்று எழுதியிருந்தாயே, அவள் எவ்வளவு தூக்குகிறாளோ அவ்வளவே தூக்கு. நீ எதிலும் முந்துகிறவள், அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, உன் கையும் காலும் உன்னுடையதாகவே இருக்கட்டும். நீ போனில் பேசும்போது சித்தி இங்கே என் பக்கத்தில் இருந்தால் தோள் பற்றி மூச்சுவிடாதே, சித்தப்பா மேற்பார்வையாளரோடு சீட்டாடுகிறார்.

இன்னும் பழைய உருளையிலேயே நிற்கிற,
உன் அம்மா