இருபது நிமிஷத்தில் அணையாத கம்ப்யூட்டர்

முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் பின்பக்கக் காற்றாடி சுற்றி, வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. அதில் அந்த வாசனை இருந்தது. புது சர்க்யூட் போர்டு வாசனை. பேக்டரி லைனில் சூபர்வைசர் திரும்பி நிற்கும் நேரம் பார்த்து மாஸ்க்கை இறக்கிவிட்டு ஒவ்வொரு போர்டையும் முகர்ந்து பார்ப்பாயே, அதே வாசனைதான். "புதுப் பாடப்புத்தகம் மாதிரியும் இருக்கு, தேய்ச்ச சட்டை மாதிரியும் இருக்குட்டி" என்பாய். எனக்கு அப்போதெல்லாம் ஒரு வாசனையும் தெரியாது. உன் திருப்திக்காகத் தலையாட்டுவேன். அன்று மேசையைச் சுற்றிப் போய்க் குனிந்து, கம்ப்யூட்டரின் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். உன்னைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏட்டி, கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். புதுசு. என் பெயரில் பில் போட்டு, நானே தேர்ந்தெடுத்து வாங்கியது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லி ஆற்றிக்கொள்வேன்.

நீ போனபின் நடந்ததில் முக்கியமானது, எனக்கு ஒரு மகள் பிறந்தாள். மூன்று வயது முடிந்துவிட்டது. நான் இப்போது லைன் லீடர், மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். அதனால் பிள்ளை ராஜபாளையத்தில் என் அம்மாவிடம் வளர்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ அவளிடம் 'உன் அம்மா எங்கே' என்று கேட்டிருக்கிறார். அவள் ஓடிப்போய் செல்போனை எடுத்துவந்து காட்டினாளாம். அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே ஒரகடத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. காருக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே தர ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் ஒருவருக்கு, வேலைசெய்கிற இடம் ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்குமே, படமும் அம்புக்குறியுமாக, 'இதை இப்படிப் பிடி, இங்கே அழுத்து' என்று சொல்லும் தாள், அது வேண்டும். ஒரு லைனுக்கு நாற்பது தாள். திங்கட்கிழமை காலைக்குள் நாற்பதும் சரியாக வந்தால் வருஷம் முழுக்க வேலை உண்டு, வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு தாளில் தப்பு இருந்தாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேடம் போனிலேயே நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மழுப்பாமல் பேசுகிறவர்.

வேலை கிடைத்தால் ஷிப்டை விடலாம். ஷிப்டை விட்டால் பிள்ளையைக் கூட்டிவந்துவிடலாம். நான் கணக்குப் போட்டது அவ்வளவுதான்.

என் பழைய லேப்டாப் மூன்றாவது தாளிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு படத்தைப் போட்டேன், திரையில் உருண்டை சுற்றியது. போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு நாற்பது தாளா என்று வியாழக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது உன் குரல் காதில் விழுந்தது. "ஸ்டிக்கரப் பாத்து ஏமாந்துராதட்டி."

மறக்குமா அது? சுங்குவார்சத்திரத்தில் நாம் அறையெடுத்துத் தங்கிய இரண்டாவது வருஷம். எத்தனை நாளைக்கு லைனிலேயே நிற்பது, கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீஸ் பக்கம் போய்விடுவோம் என்று நீதான் கிளப்பிவிட்டாய். பஸ் ஸ்டாப் பக்கத்து மாடியில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடை. ஒரு டஜன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றின் மூலையில் மட்டும் பச்சை வட்ட ஸ்டிக்கர், அதன் மேல் ஒரு சீல். அவ்வளவுதான், இருவரும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டோம். நாள் முழுக்க அந்தப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருந்த கைகள் அல்லவா. பச்சை என்றால் பாஸ், சோதித்தாகிவிட்டது, அடுத்ததை எடு என்று நம் தலைக்குள் ஏறியிருந்தது. கடைக்காரர் பாவம், ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்கத்தான் செய்தார். வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னது நாம்தான்.

அறைக்குக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்து ஓட்டினோம். இருபது நிமிஷம் ஓடியது, பட்டென்று அணைந்தது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடி இருபது நிமிஷம். நீ ஸ்டிக்கரை உரித்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு சொன்னாய், "இந்த ரோலு கடையில எவன் வேணும்னாலும் வாங்கலாம்லா. நாமளே ஒட்டுதோம், நாமளே ஏமாந்துட்டோம்." சொல்லிவிட்டு விக்கல் எடுக்கும்வரை சிரித்தாய். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொருத்தியாக இருந்தால் அதைத் தூக்கிப் போட்டிருப்பாள். நீ விடவில்லை. இருபது நிமிஷம் கற்றுக்கொள்வோம், அது ஆறும்வரை கற்றதைச் சொல்லிப் பார்ப்போம் என்றாய். அப்படித்தான் எக்செல் படித்தோம். குழம்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவே நீ பார்முலா ஒப்பிப்பாய். எந்த நொடி அணையுமோ என்று பயந்து பயந்து சேவ் செய்ததில், இன்றைக்கும் என் விரல் இரண்டு வரிக்கு ஒருமுறை தானாக அந்தப் பொத்தானுக்குப் போய்விடுகிறது. பார்க்கிறவர்கள் எனக்கு ஏதோ வலிப்பு என்று நினைக்கிறார்கள்.

அப்புறம் நீ ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். கடைசிச் செய்தி வந்தபோது நான் ஓவர்டைமில் இருந்தேன், போன் லாக்கரில் இருந்தது. ஒன்பது அழைப்புகள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, கம்ப்யூட்டர் கதைக்கே வந்துவிடுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, வூட்ல பையனுக்கு கேம் ஆடறதுக்கா?" என்றபடி ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே சிவப்பு, நீலம், ஊதா என்று திருவிழா சீரியல் செட் ஓடியது. ஒரு நிமிஷம் நானும் வாயைப் பிளந்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை எனக்கு, விளக்கு எதற்கு? வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை செய்ய வேண்டும் என்றேன். எல்லாமே நன்றாக ஓடும், கேரண்டி இருக்கிறது என்று அட்டையை நீட்டினார். நான் பென்டிரைவை நீட்டினேன்.

"இதுல என் பைல் இருக்கு. இதத் திறந்து ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுங்க. முதல் பீஸ் ஓகே ஆனாதான் நாங்க லைன ஓட்டுவோம்."

அவர் முகம் மாறிவிட்டது. கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உனக்குத் தெரியாததா, ஷிப்டில் முதலில் வரும் பீஸை அளந்து கையெழுத்துப் போடாமல் இரண்டாவதைத் தொட மாட்டோம், அந்த நினைப்பில் வாயில் வந்துவிட்டது. மனிதர் சிரித்துவிட்டார். "நானும் இருங்காட்டுக்கோட்டைல மூணு வர்சம் லைன்ல நின்னவன்தான்கா. குந்து, ஓட்டிப் பாத்துக்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீயும் சொன்னார்.

கண்ணாடிப் பெட்டியில் பைல் சட்டென்று திறந்தது. ஆனால் அதன் விலையில் பாதி விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது, எழுத்துக்கும் படத்துக்கும் அது தேவையே இல்லை என்று அவரே சொன்னார். அடுத்தது விலை குறைந்தது, எட்டு ஜிபி ராம். தாள்களை மட்டும் திறந்தபோது நல்ல பிள்ளையாக இருந்தது. நான் விடுவேனா, கூடவே வீடியோ காலையும் பத்து வலைப்பக்கங்களையும் திறந்தேன். திக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது, கறுப்பாக ஒரு பெட்டி. பார்ப்பதற்கு ரேஷன் கடை டின் மாதிரி, ஒரு விளக்கு கிடையாது. நடுத்தர பிராசசர், பதினாறு ஜிபி, எஸ்எஸ்டி. தாள்களைச் சரசரவென்று தள்ளினேன், ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஆனாலும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாவது நிமிஷம். இருபத்தொன்று. இருபத்தைந்து. ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். கடையிலேயே கை தட்டிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

விளக்கில் மிச்சமானதைத் திரையில் போட்டேன். இருபத்தேழு அங்குலம், மேலே கீழே நகர்த்தலாம். படம் ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். நாமிருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்த்த அந்தச் சின்னத் திரையை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது. ராமுக்கு ஒரு இடத்தைக் காலியாக விடச் சொன்னேன், பின்னால் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். விசைப்பலகையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தேன். நம் பக்கத்துக் கரண்ட் உனக்குத் தெரியும், ஒரு யூபிஎஸ்ஸும் எடுத்தேன். ஷேர் ஆட்டோவில் திரைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைக் கொண்டுபோகிறவள் மாதிரி ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்பது தாளும் தயார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வீட்டுக்காரர் அனுப்பேன் என்றார். கை போகவில்லை. நாற்பதில் ஒன்று தப்பென்றாலும் என் பிள்ளை ராஜபாளையத்திலேயே இருப்பாள்.

அப்போதுதான் பைனல் இன்ஸ்பெக்ஷனில் நாம் ஜோடியாக உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நான் தாளைப் படிப்பேன், நீ பீஸைப் பார்த்துச் "சரி" என்பாய். நீ சொல்லாமல் நான் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. மற்ற ஜோடிகளில் படித்து முடிப்பதற்குள் சரி வந்துவிடும். நீ மட்டும் பார்ப்பாய், பார்ப்பாய், பார்த்துக்கொண்டே இருப்பாய். சூபர்வைசர் பின்னால் வந்து நின்று கத்துவார். நீ தலையை நிமிர்த்தாமல், "இருங்க சார், இன்னும் பாக்கேன்" என்பாய். எனக்கு அப்போது உன்மேல் எரிச்சல் எரிச்சலாக வரும்.

முதல் தாளிலிருந்து சத்தமாகப் படித்தேன். ஒரு வரி படித்துவிட்டு நிறுத்தினேன், படத்தைப் பார்த்தேன், பிறகு அடுத்த வரி. இருபத்தாறாவது தாளில், 'வலது பக்கக் கிளிப்பை அழுத்தவும்' என்று படித்துவிட்டு நின்றேன். நீ சரி சொல்லவில்லை. மறுபடி படித்தேன். அப்போதும் நீ சொல்லவில்லை. படத்தை உற்றுப் பார்த்தேன். அதில் இருந்தது இடது பக்கத்துக் கிளிப். இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். மாற்றினேன், மிச்சப் பதினான்கையும் அதே மாதிரி படித்தேன், அனுப்பினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேடத்திடமிருந்து பதில் வந்தது. நாற்பதும் சரி, அடுத்த லைனை ஆரம்பிக்கலாம். உடனே அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையின் துணிமணியை எடுத்துவை என்றேன். வெள்ளிக்கிழமை காலை தாம்பரத்தில் வந்து இறங்குகிறார்கள்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியது ஒரு வரி படித்துவிட்டு நிற்கிற அந்த நேரம்தான். எவ்வளவு வேகமான பெட்டி வந்தாலும் அதை நான் விடப்போவதில்லை.

அம்மாவிடம் பேசிவிட்டு வந்து ராஜினாமாக் கடிதத்தை அடித்தேன். பழக்கம் விடுமா, அதையும் சத்தமாகப் படித்தேன். 'குடும்பத்தோடு இருக்க வேண்டி வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கடைசி வார்த்தைக்கு நான் போகவே இல்லை. ஒரு நாளும் அவசரப்படாதவள், இந்தத் தடவை படித்து முடிக்கும் முன்பே "சரி" என்றாய்.