இடது கைக்குக் கட்டம் இல்லை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று வகுப்பில் "ஏழாம் எண், மைக்கை அணைச்சுட்டுச் சிரிங்க" என்று நீ சொன்னதும் திரையில் இருந்த இருபத்திரண்டு முகமும் சிரித்தன. கூடப் பிறந்தவள் மானத்தை இப்படியா வாங்குவது? வகுப்பில் நீ பயிற்றுநர், நான் வெறும் ஏழாம் எண், அக்கா தங்கை உறவெல்லாம் கடிதத்தில்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். அதனால்தான் உன்னைத் திட்டக்கூட இப்படி உட்கார்ந்து எழுதவேண்டியிருக்கிறது.

பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு டிக் உள்ள பிள்ளைகள் வந்தால் இத்தனை நாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இந்தக் கண் சிமிட்டல், தோள் வெட்டு, தொண்டைச் செருமல் எல்லாம் தானாக வருகிறவை, அதட்டி என்ன பயன்? வருவதற்கு முன்னால் உடம்பில் எழும் உறுத்தலைப் பிள்ளையே கண்டுபிடித்து, அந்த நொடியில் எதிர் அசைவு ஒன்றைச் செய்து தாண்டிவிடலாம் என்று நீ காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ கேட்ட ஒளிப்பதிவை அனுப்பியிருக்கிறேன். நோயாளியாக நடிக்க இவரைத்தான் முதலில் கேட்டேன். கேமராவைக் கண்டதும் மரமாகிவிட்டார். கடைசியில் நம்ம சுண்டெலிதான் கைகொடுத்தாள். ஒன்பது வயசுக்கு என்ன நடிப்பு என்கிறாய்! வலது தோளை வெட்டி வெட்டிப் பெற்றவளையே நம்பவைத்துவிட்டாள். மார்க்கைக் குறைத்தால் உன்னைப் பெரியம்மா என்று கூப்பிடமாட்டாளாம்.

அன்புடன்,
உன் தங்கை

மார்ச் 10

என் அருமை வாயாடிக்கு,

முழு மார்க். உனக்கில்லை, சுண்டெலிக்கு. நீ கேள்விகளை அவசரமாகக் கேட்கிறாய், அவளோ பதிலை அளந்து சொல்கிறாள்.

ஒன்று கேட்கவேண்டும். அந்த ஒளிப்பதிவை மாதிரிப் பாடமாக எல்லாக் குழுக்களுக்கும் காட்டட்டுமா? ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி இந்தப் பயிற்சியை அங்கீகரிக்க மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு வருகிறது. ஆறு வருஷமாக நான் கட்டி எழுப்பியது, அவர்கள் தலையசைத்தால்தான் நிலைக்கும். இவ்வளவு தெளிவான பதிவு என்னிடம் வேறு இல்லை.

அசைவை எண்ணிக் கட்டத்தில் கோடு போடும் தாளில் நீ ஒரு தப்புச் செய்திருக்கிறாய். தோள் என்று எழுதிவிட்டு, அவள் மூக்கை உறிஞ்சியதற்கும் கோடு போட்டிருக்கிறாய். ஒரு நேரத்தில் ஒரு அசைவுதான். தாளில் எழுதியதை மட்டும் பார், மற்றது கண்ணில் பட்டாலும் விட்டுவிடு. எல்லாவற்றையும் எண்ணப்போனால் பிள்ளையும் குழம்பும், நாமும் குழம்புவோம்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாராளமாகக் காட்டு. சுண்டெலிக்குத் தரையில் கால் பாவவில்லை.

இன்னொரு விஷயம். சிரிக்காதே. இரண்டு வாரமாக அவளுடைய இடது கை விரல்கள் திடீரென்று துடிக்கின்றன. பத்து நொடி இருக்கும், பிறகு நின்றுவிடுகிறது. நேற்று பால் தம்ளர் கையைவிட்டு நழுவிவிட்டது. நடிக்கச் சொன்னது ஒட்டிக்கொண்டதோ என்று பயமாக இருக்கிறது.

"வர்றதுக்கு முன்னாடி ஏதாவது உறுத்துதாம்மா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, உறுத்தும். அப்புறம் வரும். வந்ததும் நிம்மதியா இருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரிப் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஒளிப்பதிவுக்காக நான் எழுதிக்கொடுத்த வசனத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். உண்மையில் அவளுக்கு என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவரிடம் காட்டட்டுமா? நீ சொல்வதைத்தான் செய்வேன்.

உன் தங்கை

மார்ச் 28

என் மண்டுவுக்கு,

இந்த வகுப்பில் உட்காரும் எல்லோரையும் பிடிக்கிற வியாதி இது. முதல் வருஷம் நானே பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கண் சிமிட்டுவதை எண்ணப்போய், அவர் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நடித்த பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் அந்த அசைவின் வால் தொடரும். மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போய்ப் பெரிதாக்காதே. நாம் பெற்றோருக்குச் சொல்வதையே நீயும் செய். வீட்டில் யாரும் கண்டுகொள்ளக்கூடாது. "என்னாச்சு" என்று கேட்கக்கூடாது, முகம்கூட மாறக்கூடாது. கவனம் கிடைக்காவிட்டால் தானாக அடங்கிவிடும்.

புதுக் குழுவில் ஒரு அறிவாளி வந்து சேர்ந்திருக்கிறார். சுண்டெலியின் அசைவு பதினொன்று, அவர் பதினைந்து என்று எழுதியிருக்கிறார். "தாளில் இருக்கறத மட்டும் எண்ணுங்க" என்று சொல்லி மார்க்கைக் குறைத்துவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. வகுப்பிலும் ஏழாம் எண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உனக்கு ஆய்வுக்குழு வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று இவர் சொல்கிறார்.

நீ சொன்னபடியே நடக்கிறோம். சட்டைப் பொத்தானை வலது கையால் மட்டும் போட்டுக்கொள்கிறாள், நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை. சாப்பிடும்போது ஏதாவது விழுந்தால் அவளே குனிந்து எடுத்து, எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். நாங்கள் தட்டைப் பார்க்கிறோம். நேற்று, "அம்மா, நீங்க யாரும் பாக்கலையா?" என்று கேட்டாள். "எதைம்மா?" என்றேன்.

அக்கா, எனக்குத் தாங்கவில்லை. சரி என்று ஒரு வரி எழுது, அல்லது தப்பு என்றாவது எழுது.

உன் தங்கை

ஏப்ரல் 14

தங்கச்சி,

இதைப் படித்ததும் சுண்டெலியைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நரம்பு மருத்துவரைப் பார். அந்த ஒளிப்பதிவையும் கொண்டுபோ. அது டிக் இல்லை என்று நினைக்கிறேன்.

பதினைந்து என்று எழுதியவர் மறுபடியும் வந்து நின்றார். "அந்த நாலும் இடது கையில வந்ததுங்க, நீங்க ஒரு தடவ பாருங்க" என்றார். திரையின் பாதியைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, தோள் தெரியாமல் பார்த்தேன். அவள் நடிக்காத நேரத்தில், நீ தாளைப் புரட்டும்போது, மடியில் இருந்த இடது கை துடிக்கிறது. நாலு தடவை. அவள் அதை வலது கையால் பிடித்துக்கொள்கிறாள். அந்தப் பதிவை நான் ஐம்பது முறையாவது பார்த்திருப்பேன்.

இதை நான் பார்த்தது ஏப்ரல் மூன்றாம் தேதி. ஆய்வுக்குழு வந்துபோகட்டும், எதுவும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தேன். நேற்று முன்தினம் அங்கீகாரம் கொடுத்துவிட்டார்கள். கை தட்டினார்கள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு, முதலில் கிளம்பு. போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், எடு.

அக்கா

மே 2

மதிப்பிற்குரிய பயிற்றுநர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் நடித்த ஒளிப்பதிவை இன்றே எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிரதி மருத்துவரிடம் இருக்கிறது. துடிப்பு எப்போது ஆரம்பித்தது என்பதற்கு அவர் அதில் உள்ள தேதியைத்தான் குறித்துக்கொண்டார்.

மூளையின் வலது பக்கத்தில் ஒரு கட்டி. வியாழக்கிழமை அறுவை. "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டவில்லை. எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்தவள் நான். அந்த நாட்களை நான் சுமந்துகொள்கிறேன். ஏப்ரல் மூன்றிலிருந்து பதினான்கு வரைக்குமான பதினொரு நாள் உங்களுடையது. தயவுசெய்து தொலைபேசியில் அழைக்கவேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வரவேண்டாம்.

அறுவை வரைக்கும் துடிப்புகளை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருந்தது நீங்கள் கொடுத்த தாள்தான். அதில் இடது கைக்குக் கட்டம் இல்லாததால், ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

நடிப்புக்கு எத்தனை மார்க் என்று நேற்று மறுபடியும் கேட்டாள். முழு மார்க் என்றேன்.

"பெரியம்மா நல்லா பாத்துட்டுத்தான் போட்டாங்களா?"

"ஆமாம்மா. நல்லா பாத்துட்டுத்தான்" என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் எண்