கோயிலுக்கு மட்டும் விளக்கு

12 ஆகஸ்ட் 1957, திங்கள்

கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மின்சார நிலையம் எண்ணெயை எரித்துப் புகையைக் கக்குகிறது. புகை எங்களுக்கு, வெளிச்சம் கிளேபாங் பக்கத்துப் பணக்காரர் பங்களாக்களுக்கு. காஜா பெராங்கில் நாங்கள் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருக்கிறோம். இதைக் கேட்கத்தான் கோயில் தலைவர், சுராவ் தொழுகைக்கூடத்து இமாம், தேவாலயப் பாதிரியார் மூவரோடு நானும் இன்று நகராட்சி அதிகாரியைப் பார்க்கப் போனேன். புகைபோக்கியை உயர்த்த வேண்டும், வீடுகளுக்கும் மின்சாரம் வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மூன்று மதமும் ஒன்றாகச் சேர்வதே அபூர்வம். சேர்ந்தும் இந்தக் கதி.

அதிகாரி தேத்தண்ணீர் கொடுத்தார். மாதக் கடைசியில் வரும் மெர்டேகா சுதந்திரக் கொண்டாட்டத்துக்காகக் கோயில், சுராவ், தேவாலயம் மூன்றுக்கும் இலவசமாக அலங்கார விளக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவ்வளவுதான். தலைவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். மற்ற இருவரும் எத்தனை விளக்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"புகை விஷயம்?" என்று கேட்டேன்.

"சும்மா இருங்க வாத்தியாரே. நல்ல நேரத்துல அத எதுக்கு எடுக்கிறீங்க?" என்றார் தலைவர்.

அந்த விளக்குகள் எரியவும் அதே இயந்திரம்தான் ஓட வேண்டும். இது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, கொடியில் காய்ந்த பிள்ளையின் சட்டையிலிருந்து கரியை உதறிக்கொண்டிருந்தாள்.

"போன காரியம் என்னாச்சுங்க?"

"கோயிலுக்கு லைட்டு வருது."

அவள் சட்டையை இன்னொரு முறை உதறினாள்.

"நல்லதுதான். இனிமே ராத்திரியிலயும் புகை நல்லாத் தெரியும்."