பெரிய பாதி

ஜனவரி 19

இன்றும் மச்சினன் ஓடைப் பக்கம்தான். மேட்டில் நின்ற மரங்களை முழங்கால் உயரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டு, அடிக்கட்டைகளை அப்படியே விட்டுவிட்டான். ஓடைப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு கட்டையையும் சுற்றி மண்ணைத் தோண்டி, வேரைக் கோடாலியால் வெட்டி, சங்கிலி போட்டு இழுத்து, பள்ளத்தை மூடி மிதித்தும் விடுகிறான். மேட்டை எப்போது பார்ப்பது என்று கேட்டேன்.

"அது எங்க ஓடிடப் போகுது அத்தான்" என்று சிரித்தான்.

பேருந்தில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். நம்மைப் பார்த்ததும் சிரிக்கிறவனிடம்தான் முதலில் டிக்கெட் கேட்க வேண்டும். அந்த வேலையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஜனவரி 20

மழை. வேலை இல்லை. தகரக் கொட்டகையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை மறுபடி யோசித்துப் பார்த்தேன்.

காட்டை இருவரும் சேர்ந்து வாங்கினோம், சேர்ந்து திருத்துகிறோம். திருத்தி முடித்ததும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மச்சினன் கோடு போடுவான். எந்தப் பாதி வேண்டும் என்று நான் சொல்வேன். இது என் மனைவி, இவள் சொன்ன ஏற்பாடு. சின்ன வயதில் அக்காவும் தம்பியும் பழத்தை இப்படித்தான் பங்கு போட்டுக்கொள்வார்களாம். "நறுக்கறது ஒருத்தர், எடுக்கறது ஒருத்தர். எடுத்தப்புறம் மாத்தக் கூடாது." நறுக்குகிறவன் ஏமாற்றவே முடியாத முறை என்று நானும் அன்றைக்குத் தலையாட்டினேன்.

எனக்கு எந்தப் பாதி வந்தாலும் சரி, இவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். மாடி வீட்டுக்குத் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கியே முழங்காலைத் தொலைத்தவள். "காட்டுக்கு வரேன். ஆனா இனிமே தண்ணி தூக்க மாட்டேன். தண்ணிதான் என்னைத் தேடி வரணும்" என்றாள். வரும் என்றேன்.

ஜனவரி 28

கிளைகளைக் குவித்து எரித்தோம். ஈரக்கட்டை, ஒரே புகை. மச்சினன் சாம்பலைக் கூடையில் அள்ளி ஓடைப் பக்கத்து மண்ணில் போய்த் தூவினான். மேட்டுக்கு ஒரு கைப்பிடி கூட இல்லை.

எடுக்கப்போகிறவன் நான். கீழ்ப்பாதி நன்றாக இருந்தால் அதையே கேட்டுவிடுவேன் என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அதற்கே பாடுபடுகிறான்? லாரி மெக்கானிக் அவன், ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை இல்லை.

பிப்ரவரி 4

பொக்லைன்காரர் வந்தார். பெரிய கட்டைகளைப் பெயர்க்க அவரை நான்தான் வரச் சொன்னேன். மேட்டில் கல் அதிகம், இயந்திரம் ஏறாது என்று கீழேயே வேலை பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவப் போனால், அவரும் மச்சினனும் ஓடைக் கரையில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பொக்லைன்காரர் வானத்தைப் பார்த்தார். மச்சினன் தன் செருப்பைப் பார்த்தான்.

"என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லை அத்தான். மழை வருமான்னு கேட்டுட்டிருந்தார்."

வானத்தில் துளி மேகம் இல்லை.

பிப்ரவரி 5

கீழே ஒரு இடத்தை மட்டும் மேடாக்கிச் சமன் செய்திருக்கிறார்கள், கொட்டகை போடலாம் போல. நான் சொல்லவில்லை. யார் சொன்னது என்றால், "மண்ணு மீந்தது சார், கொட்டிட்டேன்" என்கிறார் பொக்லைன்காரர். மீந்த மண் தானாக நாலு மூலையும் சதுரமாக விழுமாம்.

பிப்ரவரி 13

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால்தான் சில விஷயம் தெரிகிறது. ஓடைக் கரையோரம் குச்சிகள் நட்டிருக்கிறான். ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறிய அடையாளம், சில இடத்தில் கணுக்கால் அளவு, சில இடத்தில் அதற்கும் மேல். நேற்றைய மழைக்குப் பிறகு புதிதாக ஒரு கீறல்.

வெள்ளம்! ஓடை எதுவரை ஏறுகிறது என்று அளந்துகொண்டிருக்கிறான். கீழ்ப்பாதி முழுகும் நிலம். அது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று நினைக்கிறான். அதனால்தான் இந்த அலங்காரம் எல்லாம். கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளையின் வழுக்கைக்குத் தொப்பி போடுகிற மாதிரி.

இவளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சின்னவன் அப்படிச் செய்வானா?"

ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். வேறு எப்படிச் சொல்வாள்.

பிப்ரவரி 21

கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக் குழாய், சுருள் சுருளாக. எதற்கு இது? கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மழை வருமா என்பான்.

நானே யோசித்தேன். கீழ்ப்பாதிக்குக் குழாய் தேவையில்லை, ஓடை காலடியில் ஓடுகிறது. அப்படியானால் குழாய் மேட்டுக்குத்தான்! கீழ்ப்பாதியை என் தலையில் கட்டிவிட்டு, மேட்டில் உட்கார்ந்துகொண்டு ஓடைத் தண்ணீரை ஏற்றிக்கொள்ளத் திட்டம். வெள்ளம் எனக்கு, தண்ணீர் அவனுக்கு.

இவ்வளவு கணக்குப் போட்டவனை ஒரு வகையில் மெச்சத்தான் வேண்டும்.

மார்ச் 2

இவள் நகரத்து வீட்டைக் காலி செய்யப் போயிருக்கிறாள். பாத்திரம் கட்ட ஒரு வாரம் ஆகுமாம். அவள் வருவதற்குள் பங்கு பிரித்துவிட வேண்டும். அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தால் நான் ஒற்றை ஆள்.

"நாளைக்கே கோடு போட்டுடு" என்றேன்.

"அக்கா வரட்டுமே அத்தான்."

"ஏன், கோடு போட அக்கா எதுக்கு?"

ஒரு மாதிரி பார்த்தான். சரி என்றான்.

மார்ச் 3

போட்டுவிட்டான். கல்லுக்குக் கல் கயிறு கட்டி, குறுக்கே. கீழ்ப்பாதி பெரிது. பார்த்தாலே தெரிகிறது, கொஞ்சநஞ்சம் இல்லை. சுத்தமான மண், சாம்பல் போட்டது, கட்டை ஒன்றில்லை, சதுரமாக மேடாக்கிய இடமும் அதற்குள். மேல்பாதி சின்னது. கல்லும் கட்டையும்.

இவ்வளவு பெரிய பாதியை எவனாவது சும்மா கொடுப்பானா? என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கும் பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"மேல்பாதி எனக்கு" என்றேன்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பிடித்தேன்!

"அத்தான்... இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க. அங்க கட்டையெல்லாம் அப்படியே கிடக்கு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். "எடுத்தாச்சு. எடுத்தப்புறம் மாத்தக் கூடாது, உங்க வீட்டு வழக்கம்தானே" என்றேன்.

சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

நன்றாகத் தூங்குவேன் இன்று.

மார்ச் 4

தூங்கவில்லை.

மார்ச் 9

இவள் வந்தாள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டியிலிருந்து இறங்கியவள் நேராகக் கீழே, அந்தச் சதுர மேட்டுக்குப் போனாள். சுற்றிப் பார்த்தாள். "இங்கதானே அடுப்படி?" என்று தம்பியிடம் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மேட்டைக் காட்டினேன். நம்முடையது அது என்றேன்.

அவளுக்குப் புரிய நேரம் ஆனது. எனக்கு அதைவிட நேரம் ஆனது.

குழாய் அவளுடைய அடுப்படிக்காம். ஓடை நம் நிலத்துக்குள் நுழையும் இடத்தில் பாறையிலிருந்து விழுகிறது. அங்கே குழாயைச் செருகிவிட்டால் மோட்டாரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் தானாகக் கீழே வந்து அடுப்படியில் கொட்டும். குச்சிகள் எதற்கு என்றால், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் எட்டாத உயரத்தில் வீட்டை வைக்க. அந்த உயரத்துக்குத்தான் பொக்லைன்காரர் மண் கொட்டினார். அக்கா வந்து பார்க்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அத்தானிடமும் மூச்சு விடாதீர்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறான்.

"அப்போ மேட்டுக்கு இந்தக் குழாய்..." என்று இழுத்தேன்.

"தண்ணி மேல ஏறாது அத்தான்" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னான்.

இவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்ல நறுக்கறவங்க ஒண்ணைப் பெரிசா நறுக்குவாங்க. எடுக்கறவங்க அதை எடுக்கணும். அதுதான் விளையாட்டே. எப்பவும் அவன் நறுக்கினா எனக்கு, நான் நறுக்கினா அவனுக்கு."

"இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே!"

"பெரிசா இருக்கறதை எடுக்கறதுக்குக்கூடவா ஒரு மனுஷனுக்குச் சொல்லிக் கொடுக்கணும்?"

மச்சினன் மாற்றிக்கொள்ளலாம் என்றான். உடனே சொன்னான், யோசிக்கவே இல்லை. இவள் கையை நீட்டித் தடுத்தாள். "வேணாம். எடுத்தது எடுத்ததுதான். அவர் வாயாலயே எடுத்தது."

மார்ச் 10

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். எனக்காகவே சொல்லி வைத்தார்கள் போல.

மார்ச் 11

இவள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். "நான் கீழ சமைக்கறேன், சின்னவனோட நிலத்துல. தண்ணி என்னைத் தேடி வர்ற இடம் அது. நீங்க மேல வீடு கட்டுங்க, தூங்க வரேன். பசிச்சா இறங்கி வாங்க."

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 30

இறங்கிப் போகிறேன். தினமும், ஒவ்வொரு வேளையும். நான் வேண்டாம் என்ற நிலத்தில் விருந்தாளியாக. "வாங்க அத்தான்" என்று எழுந்து நிற்கிறான். முதல் சில நாள் அந்த 'வாங்க'வைக்கூட உரசிப் பார்த்தேன், உள்ளே குத்தல் இருக்கிறதா என்று. இல்லாததைத் தேடித் தேடிச் சலித்துவிட்டது.

குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. பாத்திரம் கழுவும்போது இவள் பேசிக்கொண்டே கழுவுகிறாள். மாடி வீட்டில் அவள் வேலை செய்யும்போது பேசியதே இல்லை. மூச்சு வாங்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஏப்ரல் 17

மேட்டில் தனியாகக் கட்டை தோண்டுகிறேன். ஒரு கட்டைக்கு இரண்டு நாள். வேர் கல்லுக்கு அடியில் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஏப்ரல் 18

காலையில் மேட்டுக்குப் போனால், மச்சினன் எனக்கு முன்பே அங்கே இருக்கிறான். சங்கிலியைக் கட்டையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"உன்னை யார் வரச் சொன்னது?" என்றேன். வாய் அப்படித்தான் கேட்கிறது, நான் என்ன செய்ய.

"யாரும் சொல்லலை. தள்ளுங்க, காலு மேல விழப் போகுது."

ஏன் வந்தான்? அக்கா அனுப்பினாளா? என் கட்டை போனால் அவனுக்கு என்ன லாபம்? கட்டை பெயர்ந்து உருளும் வரை யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

மே 6

மேட்டில் பயிர் முளைத்துவிட்டது. சாம்பல் போட்ட இடத்தில் அடர்த்தியாக. சாம்பல் அவன் கொண்டுவந்தது.

ஆகஸ்ட் 2

நாலு நாளாக விடாத மழை. ஓடை பொங்கிப் பொங்கி ஓடியது. நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசுக்குள் ஒரு சின்னக் குரல். ஏறட்டும், ஒரே ஒரு அடி ஏறட்டும், நான் சொன்னது சரி என்று ஆகட்டும். அப்புறம் அடுப்படியில் இவள் குனிந்து நிற்பது தெரிந்தது. என்னடா மனுஷன் நீ என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

தண்ணீர் கடைசிக் கீறலோடு நின்றுவிட்டது. வீட்டு மேட்டின் காலைக்கூடத் தொடவில்லை.

நவம்பர் 14

கீழே அவன் நட்ட பப்பாளி பழுத்திருக்கிறது. முதல் பழம். சாப்பிட்டு முடித்ததும் இவள் தட்டையும் கத்தியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க நறுக்குங்க. சின்னவன் எடுக்கட்டும்."

இத்தனை மாதத்தில் என்னிடம் கத்தியைக் கொடுத்ததே இல்லை.

நடுவில் வைத்த கத்தியை எடுத்து, ஓரமாக நகர்த்தி வைத்து, அறுத்தேன். ஒரு துண்டு பெரிது. பார்த்தாலே தெரியும், கொஞ்சநஞ்சம் இல்லை. தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழாயில் விழும் தண்ணீரைப் பார்த்தேன்.

இவன் யோசிப்பான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் யோசித்திருப்பேன். அடியில் அழுகலா, உள்ளே புழுவா, இந்த மனுஷன் ஏன் இன்றைக்கு மட்டும்...

அவன் பொக்லைன்காரரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே கையை நீட்டிப் பெரிய துண்டை எடுத்தான். ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.