மனமொத்த மாறுதல்

ஐப்பசி 7, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். பிரஷர் மாத்திரை, டார்ச் பேட்டரி வாங்க வேண்டும்.

மகள் செல்வி விட்டுப்போன பழைய போனும் எண்ணும் இப்போது என்னிடம். தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர் ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த எண்ணை இன்னும் நீக்கவில்லை. காலையில் யாராவது கேட்பார்கள்: "சர்வர் வந்துருச்சா?" கிருஷ்ணகிரியிலிருந்து அவள் புது எண்ணில் பதில் போடுவாள். ஆபீசுக்கு வந்துவிட்டாள், சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று வேறு செய்தி. முருகேசன், பூதலூர் தாலுகா ஆபீஸ், சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். மனமொத்த மாறுதல் வேண்டுமாம். எடுத்துக்காட்டு: ஜன்னலோர மாணவனும் முதல் பெஞ்சு மாணவனும் பேசிவைத்து இடம் மாறுவது. பூதலூர் நமக்கு இரண்டாவது பஸ் ஸ்டாப். அவர் அங்கே, செல்வி இங்கே!

8, புதன்

குரூப்பில் எழுதிவிட்டேன். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் முறைப்படி. 'என் மகளுக்கு முழுச் சம்மதம்.'

"யாருப்பா குரூப்ல மனு போடுறது?"

"செல்வி மேடம் அப்பா. வாத்தியாரு. கமாவெல்லாம் கரெக்டா இருக்கு பாரு."

முருகேசன் மட்டும்: "ரொம்ப நன்றிங்க ஐயா. எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."

செல்வியும் பார்த்திருப்பாள்.

10, வெள்ளி

அவள் அறையில் ஒட்டடை அடித்தாயிற்று. கட்டிலுக்குப் புதுக் கயிறு. ஞாயிறு தஞ்சாவூர் மண்டபத்தில் குரூப்காரர்கள் நேரில் கூடுகிறார்களாம். செல்வியும் வருகிறாள்! கெண்டை மீன் சொல்லிவைக்க.

12, ஞாயிறு

நல்ல மழை. மண்டப வாசலில் குடையோடு நான். பந்தியில் அவளைச் சாப்பிட விடவில்லை. "மேடம், பட்டா உட்பிரிவு ஏத்துனா எரர் அடிக்குது." எச்சில் கையோடு இடது கையால் போனில் காட்டிக்கொடுக்கிறாள்.

பிறகு என்னிடம்: "மனமொத்தன்னா ரெண்டு மனசுப்பா. என்னைய நீங்க கேக்கவே இல்லயே."

"வீடு கசக்குதாம்மா?"

"வீடு இல்லப்பா. நம்மூரு குத்தகைத் தகராறு தீரல. நம்ம தெருக்காரங்க 'பதிவேட்டுல எம்பேர ஏத்து'ன்னு வந்து நிப்பாங்க. நெலக்காரங்க 'அவ அந்தத் தெருப் பொண்ணுதானே'ம்பாங்க. கிருஷ்ணகிரில நான் சிஸ்டம் மேடம். இங்க வாத்தியார் மவ."

முருகேசன் தயங்கி நின்றார். "தப்பா நெனக்காதீங்க சார்" என்றாள் செல்வி. "எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா, வலங்கைமான்காரங்க. இந்தப் பக்கம் வரணும்னு தவிக்கிறாங்க. நம்பர் தர்றேன், பேசிப் பாருங்க." அந்த மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

செல்வி வீட்டுக்கு வரவில்லை. மண்டபத்திலிருந்தே பஸ் ஏறிவிட்டாள்.

13, திங்கள்

மீன் குழம்பு அப்படியே. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

என் எண்ணை நீக்கிவிடும்படி குரூப்பை நடத்துபவரிடம் சொன்னேன். "மேடம் வேணாம்னுட்டாங்க ஐயா. 'அப்பா இருக்கட்டும்'னாங்க."

தூறல். போனை மடியில் வைத்துக்கொண்டு. யாரோ: "சர்வர் வந்துருச்சா?"

செல்வி: "வந்துருச்சு."