குருவம்மாளின் முடியும் டாக்டரம்மாள் மீது வந்த புகாரும்

அனுப்புநர்:
சுடலைமாடத்தி,
க/பெ மாரிசாமி, ஆடு வளர்ப்பு,
மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா.

பெறுநர்:
மேன்மை தங்கிய ஜில்லா மெடிக்கல் ஆபீசர் அவர்கள்,
முகாம்: ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: லேடி டாக்டர் தேவகிருபையம்மாள் பேரில் என் தம்பி அனுப்பிய புகாரைத் தள்ளுபடி செய்யவும், உண்ணிக்கடி பற்றி அவர் மலையடிவாரக் கிராமங்களில் சொல்லிக் கொடுக்க உத்தரவு தரவும் வேண்டி.

கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

1. என் மகள் குருவம்மாளின் முடியை, வீட்டாரைக் கேட்காமல் டாக்டரம்மாள் வெட்டிவிட்டதாக என் தம்பி சமுத்திரம் தங்களுக்கு எழுதியிருப்பதாக அறிகிறேன். அவளைப் பெற்றவள் நான். அன்று வெட்டச் சொன்னவளும் நான்தான். ஆகையால் நடந்ததைத் தங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2. என் மகளுக்கு ஆறு வயது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து, பிறந்தது முதல் அவள் தலையில் கத்தி படாமல் வளர்த்தோம். முடி இடுப்புக்குக் கீழே கிடக்கும். மலைக்கு மேய்ச்சலுக்குப் போய்வரும் ஆடுகளை வீட்டுக்குள்ளேயே கட்டுவோம். குட்டிகளைக் கட்டிக்கொண்டுதான் அவள் தூங்குவாள்.

3. கடந்த ஆனி மாதம் ஒரு காலையில் எழுந்தவள் கால் மடங்கி விழுந்தாள். விளையாட்டென்று நினைத்தேன். மறுநாள் நிற்கவே முடியவில்லை. அதற்கடுத்த நாள் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிக்கக் கையும் வரவில்லை, பேச்சு குழறியது. காய்ச்சலும் இல்லை, வலி என்று அழவும் இல்லை. காட்டில் எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று பலரும் சொன்னார்கள். தம்பி திருநீறு மந்திரித்து வந்து பூசினான். அவளுக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியதும், அவனே வண்டி பூட்டி எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான்.

4. டாக்டரம்மாள் குழந்தையின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கால் அசையவில்லை. “வீட்ல ஆடு மாடு இருக்காம்மா?” என்று கேட்டார். இருக்கிறது என்றதும் பின்னலை அவிழ்த்து, முடியை வகிர்ந்து வகிர்ந்து தேடினார். காதுக்குப் பின்னால் ஓர் உண்ணி, இரத்தம் குடித்து ஆமணக்கு முத்துப் போல உப்பிக் கிடந்தது. “புள்ள கை கால முடக்குனது இதோட விஷந்தாம்மா” என்றார். தம்பி உடனே பீடியைப் பற்றவைத்து, அதைச் சுடக் குனிந்தான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாண்ணே, சுட்டா அது விஷத்த இன்னும் உள்ள எறக்கும். நசுக்கவுங் கூடாது. பீடிய வெளிய போட்டுட்டு வாங்க” என்றார்.

5. சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேரே இழுத்து, தலையோடு அதை எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்தார். “இந்த முடிக்குள்ள இன்னொண்ணு இருந்தா இவ்வளவும் வீணாப்போயிரும். வெட்டட்டுமாம்மா?” என்று என்னைக் கேட்டார். “வெட்டுங்க தாயி, எம்புள்ள பொழச்சாப் போதும்” என்றேன். பிடரியில் இன்னொன்று இருக்கத்தான் செய்தது.

6. வெளியே போயிருந்த தம்பி திரும்பி வந்து, தரையில் கிடந்த முடியைக் கண்டான். “ஆத்தாளுக்கு நேந்த முடி, ஏம் மடியில ஒக்கார வச்சு எறக்க வேண்டியது. இத வெட்ட நீங்க யாரு?” என்று கத்திவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். தாய்மாமன் உரிமை பறிபோன ஆத்திரம் அது. அவன் கெட்டவன் அல்ல. ஆனால் நான் சம்மதித்ததை அவன் கேட்கவில்லை. குழந்தை தேறியதையும் பார்க்கவில்லை. அந்தக் கோபத்திலேயே தங்களுக்கு எழுதிவிட்டான்.

7. டாக்டரம்மாள் கீழே கிடந்த முடியைத் தம் கையால் கூட்டி, புதுத் துணியில் முடிந்து, “கோயிலுக்குக் கொண்டு போங்கம்மா” என்று என்னிடம் கொடுத்தார். தாம் வேறு வேதத்தைச் சேர்ந்தவராயிருந்தும் அதைக் காலால் மிதிக்க விடவில்லை. பிறகு குழந்தையின் மூச்சைக் கவனித்தபடி கட்டிலருகிலேயே இருந்தார். மறுநாள் காலை, “ஆத்தா, தண்ணி” என்று குழறாமல் கேட்டாள் என் மகள். அந்தச் சொல்லைக் கேட்டபோது நான் பட்டதை எழுத்தில் சொல்ல இயலாது. சாயங்காலம் போர்வையை உதைத்தாள். அதற்கு மறுநாள் கட்டிலைப் பிடித்து நின்றாள்.

8. ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் முடிச்சை அம்மன் சன்னிதியில் வைத்தோம். மிச்சமிருந்த கட்டை முடியைத் தம்பி மடியில் உட்கார வைத்தே இறக்கினோம். அவன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தான். “எழுதுனத எப்படிக்கா திருப்பி வாங்க?” என்று என்னிடம் கேட்டான். ஆகவே அவனுக்கும் சேர்த்தே இதை எழுதச் சொல்கிறேன்.

9. பிற்பாடு டாக்டரம்மாள் தாமாகவே எங்கள் தெருவுக்கு வந்தார். ஆடுகளை வெளியே கொட்டகையில் கட்டவும், சுற்றியுள்ள புல்லைச் செதுக்கவும், காட்டிலிருந்து வந்ததும் காதுமடல், அக்குள், அரைஞாண் கட்டும் இடம், தலை எல்லாம் பார்க்கவும், எடுத்த உண்ணியை மண்ணெண்ணெயில் போடவும், கடித்தபின் கை கால் தளர்ந்தாலோ, காய்ச்சலோ தடிப்போ கண்டாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு வரவும் சொல்லிக் கொடுத்தார். எங்கள் தெருவில் இப்போது பெண்கள் ஒருவர் தலையை ஒருவர் பார்க்காமல் படுப்பதில்லை. மலையடிவாரத்தில் கூமாப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இதை அறிந்தவர் இல்லை. எங்கள் தெருவுக்கு வந்துபோன பிறகு, விசாரணை முடியும்வரை வெளியூர் போகக்கூடாது என்று அவருக்கு உத்தரவாம். மழை தொடங்கிப் புல் வளருமுன் அவர் அங்கே போய் வர வேண்டும் ஐயா.

10. எனவே புகாரைத் தள்ளி, அவரைக் கிராமங்களுக்கு அனுப்பி வைக்க மன்றாடுகிறேன். குழந்தையை நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டுமானால் தெரிவியுங்கள். தங்கள் ஆபீஸ் கச்சேரி வாசல்வரை வண்டியில் கூட்டி வருகிறேன். படியை அவளே ஏறி வந்து தங்கள் முன் நிற்பாள்.

என்றும் நன்றி மறவாத,
சுடலைமாடத்தி
(இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: மம்சாபுரம்
தேதி: 1936-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 9

சொல்லக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டியவர்: சங்கரலிங்கம், பள்ளி ஆசிரியர்.